நாற்பத்து மூன்று பேரின் அபிப்பிராயம்

ஓக்லாந்தின் ஹென்டர்சன் தமிழ் மூத்தோர் மன்றம் எந்த விஷயத்திலும் ஒருமித்த முடிவுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆண்டு விழாவுக்கு இடியப்பமா புரியாணியா என்ற சண்டையில் மட்டும் இரண்டு தலைவர்கள் பதவி விலகியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பதினொரு நிமிடத்தில் ஏகமனதாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. இனிப் பிழைக்கமாட்டார் என்று வைத்தியர்கள் கைவிட்ட நோயாளி, தானே கேட்டு, வைத்தியரின் உதவியோடு உயிரை விடலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அது கொலைதான், அதைத் தமிழ்ச் சமூகம் முற்றுமுழுதாக எதிர்க்கிறது என்பதுதான் அந்தத் தீர்மானம்.

சட்டம் வந்து சில வருடங்களாகிவிட்டன. நாடு முழுவதும் வாக்கெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு சனம் சம்மதம் சொல்லித்தான் வந்தது. இப்போது அரசாங்கம் அதை மீளாய்வு செய்யப்போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்றதும், மன்றத் தலைவர் கேதீஸ்வரனுக்குத் தமிழரிடமும் ஒரு கருத்து இருந்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. சைவர்கள் வினைப்பயன் என்றார்கள், வேதக்காரர் பாவம் என்றார்கள். "எதிர்க்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார் தலைவர். ஆதரிக்கிறவர்களைத் தூக்கச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வரவேயில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அன்னபாக்கியமும் கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த சிநேகிதி கஜந்தினி முழங்கையால் இடித்தாள் என்பது ஒரு காரணம். ஊரே கை தூக்கும்போது ஒருத்தி மட்டும் மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தால் அது ஒரு மாதம் கதைக்கப்படும் என்பது அதைவிடப் பெரிய காரணம். வீட்டில் அவளுடைய கணவர் நவரத்தினம் கணையத்தில் புற்றுநோயோடு படுத்திருந்தார். அதே சட்டத்தின்படி விண்ணப்பித்து, இரண்டு வைத்தியர்களின் சம்மதத்தையும் வாங்கி, நாள் குறிப்பது ஒன்றைத்தான் மிச்சம் வைத்திருந்தார். அது மன்றத்தில் வேறு எவருக்கும் தெரியாது.

"எத்தினை பேர் வந்தவை?" என்று அவள் வந்ததும் வராததுமாகக் கேட்டார் நவரத்தினம்.

"நாப்பத்திமூண்டு."

"எத்தினை பேர் எதிர்ப்பு?"

"நாப்பத்திமூண்டு."

தளபாடத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த மனிதருக்கு இது பெரிய கணக்கல்ல. "அப்ப நீயும் தூக்கினனி" என்றார்.

"எல்லாரும் தூக்கேக்க நான் மட்டும் என்னெண்டு சும்மா இருக்கிறது?"

அவர் சிரித்தார். சிரிப்பு வயிற்றைப் பிடித்தது, நிறுத்திக்கொண்டார். "அந்த நாப்பத்திரண்டும் எனக்குத் தேவையில்லை, அன்னம். உன்ர ஒண்டுதான் வேணும். நீ பக்கத்தில கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கமாட்டாய் எண்டால் நான் இதைச் செய்யமாட்டன்."

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீங்களே?"

"சனம் கதைக்கேக்க நான் இருக்கமாட்டன்."

"நான் இருப்பன்."

பாட்டனி டவுன்ஸில் இருக்கும் மகள் நிலானி தொலைபேசியில், "இட்ஸ் ஹிஸ் சொய்ஸ், அம்மா" என்றாள். மகளுக்கு எல்லாமே நாலு சொல்லில் முடிந்துவிடும். அவளை எந்த மன்றமும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

மனதில் பூட்டி வைத்ததைத் தாங்க முடியாமல் அன்னபாக்கியம் கஜந்தினிக்கு மட்டும் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். அதனால் விஷயம் பரவ இரண்டு நாள் எடுத்தது, இல்லாவிட்டால் அன்றைக்கே பரவியிருக்கும்.

பிறகு சனம் வரத் தொடங்கியது. ஹோர்லிக்ஸ் போத்தலோடும் தோடம்பழத்தோடும் வந்தார்கள். சாப்பாடு இறங்காத மனிதரின் கட்டிலருகே ஒன்பது ஹோர்லிக்ஸ் போத்தல் சேர்ந்தது. வந்தவர்கள் அவர் முன்னால் கடவுள் விட்ட வழி என்றார்கள், அதிசயங்கள் நடக்கும் என்றார்கள், கனடாவில் யாரோ பப்பாசி இலைச் சாறு குடித்து எழும்பி ஓடியதைச் சொன்னார்கள். அன்னபாக்கியம் வழியனுப்ப வாசலுக்கு வந்ததும், சப்பாத்தை மாட்டிக்கொண்டே வேறு கதை கதைத்தார்கள்.

"நான் நாடு வைச்ச வாக்கெடுப்பில இந்தச் சட்டத்துக்கு ஓம் எண்டுதான் போட்டனான், அக்கா" என்றாள் கஜந்தினி, குரலைத் தாழ்த்தி. "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அன்ரனீற்றா தேவாலய வாசலில் நின்று சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்தவள். அவளும் சப்பாத்து வாரை இழுத்தபடி, "எங்கட தம்பி அருளப்பு கடைசியில பட்ட பாட்டை நான் கண்ணால பாத்தனான். அண்ணை கேக்கிறது பிழையில்லை" என்றாள். ஒரு கிழமைக்குள் பதினாலு பேர் அந்த வாசலில் இப்படி வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படியென்றால் மண்டபத்தில் ஏன் கையைத் தூக்கினீர்கள் என்று அவர்களைக் கேட்க அன்னபாக்கியத்துக்கு வாய் வரவில்லை. அதே கேள்வியைத் தன்னிடம் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அந்தப் பதினாலு பேர் அவளுக்குத் துணிவு கொடுத்தார்கள். இதுதான் வெட்கக்கேடு. நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதன் வலியில் பல்லைக் கடிப்பதைப் பார்த்து வராத துணிவு, அடுத்தவன் ஓம் என்றதும் வந்தது. அவள் கட்டிலருகே போய், "சரியப்பா. நான் இருக்கிறன்" என்றாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாம் திகதி என்று முடிவு செய்தார்கள்.

அடுத்த நாள், திகதி காதுக்கு எட்டி, கேதீஸ்வரனின் அழைப்பு வந்தது. "கொள்கை அளவில மன்றம் எதிர்ப்புத்தான் அக்கா, அதில மாற்றமில்லை" என்று தொடங்கினார். "ஆனா செய்யிறதெண்டால் பன்னிரண்டு வேண்டாம். நான் பஞ்சாங்கம் பாத்தனான், பஞ்சமி வருது. பஞ்சமியில போனால் வீட்டுக்குக் கூடாது, பிள்ளைக்கும் கூடாது. சனியும் சரிவராது. பத்தொன்பது வியாழன் நல்லாயிருக்கு. வார முடிவில செத்தவீட்டை வைச்சால் சனமும் லீவு எடுக்காமல் வரலாம்."

கொலை என்று தீர்மானம் எழுதிய கை, அதே கொலைக்கு முகூர்த்தம் பார்த்துக் கொடுத்தது. அன்னபாக்கியத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் பிள்ளைக்கும் கூடாது என்ற சொல் அவளுடைய நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு நாள் யோசித்தாள். பிறகு, "ஒரு கிழமைதானேயப்பா, பத்தொன்பதுக்குத் தள்ளுவமே?" என்று கேட்டாள்.

நவரத்தினம் பஞ்சாங்கத்தை ஒரு நாளும் நம்பியதில்லை. அவளைப் பார்த்தார். "உனக்கு அது நிம்மதியெண்டால் சரி" என்றார். வைத்தியருக்கும் ஆட்சேபணை இல்லை.

பதினைந்தாம் திகதி அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. பதினேழாம் திகதி நிலானியைத் தன் தமக்கை என்று நினைத்துக் கதைத்தார். பத்தொன்பதாம் திகதி வைத்தியர் சொன்ன நேரத்துக்கு வந்து, கட்டிலருகே குந்தி, இப்போதும் இதுதான் உங்கள் விருப்பமா என்று கேட்டார். நவரத்தினம் அவரிடம் தொழிற்சாலை லொறி வந்துவிட்டதா என்று விசாரித்தார். வைத்தியர் திரும்பவும் கேட்டார், பொறுத்திருந்து மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு பையை மூடினார்.

"அவருக்கு வேணும் எண்டு நான் சொல்லுறன். நான் அவற்ற மனிசி" என்றாள் அன்னபாக்கியம். நிலானி அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

மன்னிக்கவேண்டும், கடைசி நேரத்தில் அவர் வாயாலேயே, விளங்கித்தான் சொல்லவேண்டும், வேறு ஒருவரும் சொல்லமுடியாது என்றார் வைத்தியர். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. சட்டத்துக்கு ஒருவருடைய அபிப்பிராயம் மட்டும்தான் தேவைப்பட்டது, அந்த ஒருவர் இப்போது லொறிக்குக் காத்திருந்தார்.

அதன்பின் ஒன்பது நாள்.

செத்தவீட்டுக்கு முதல்நாள் கேதீஸ்வரன் மரண அறிவித்தலை எழுதிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், அவரளவில் உதவிக்குத்தான் வந்தார். "கடைசியில அண்ணை இயற்கையாப் போனது எங்களெல்லாருக்கும் ஒரு ஆறுதல், அக்கா" என்று சொல்லிவிட்டு வாசித்தார். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஓக்லாந்தை வசிப்பிடமாகவும் கொண்ட நவரத்தினம் அவர்கள் அமைதியாக இறைபதம் அடைந்தார்.

"அந்த 'அமைதியாக'வை வெட்டுங்கோ" என்றாள் அன்னபாக்கியம்.

"அது வழமையா எல்லாருக்கும் போடுறதுதானே, அக்கா."

"ஒன்பது நாள் கத்தினவர், தம்பி. மருந்து ஏத்தியும் கத்தினவர். நான் கையைப் பிடிக்கப் போனால், ஆரெண்டு தெரியாமல் தட்டிவிட்டுட்டுக் கத்தினவர். வெட்டுங்கோ."

கேதீஸ்வரன் வெட்டினார். பிறகு, அங்கே வேறு என்ன போடுவது என்று மெதுவாகக் கேட்டார்.

"மனிசி பஞ்சமி பாத்து ஒரு கிழமை பிந்த வைச்சவள் எண்டு போடுங்கோ" என்றாள் அவள்.