செலீன் கண்ட குருவி

துறைமுகத்தில் கொண்டெய்னர் எண்ணி ஓய்வு பெற்ற ஹியூபேட், எதையாவது எண்ணாமல் இருக்க முடியாத வியாதியோடுதான் கொட்டாஞ்சேனை வீட்டில் வந்து குந்தினார். பின்வளவில் ஒரு ஜம்பு மரம், ஒரு தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் காயப்போடும் கொடி. அதற்குள் வந்துபோகும் பறவைகளைப் பட்டியல் போடத் தொடங்கினார். காகம், மைனா, புறா என்று முதல் நாளே மூன்று கிடைத்தன. இந்த வேகத்தில் போனால் கிறிஸ்மஸுக்குள் நூறு என்று கணக்குப் போட்டார். மாதக்கணக்காகியும் பட்டியல் பதினொன்றைத் தாண்டவில்லை. அதிலும் ஒன்று அடுத்த வீட்டுக் கோழி.

அவரோடு வேலை செய்த புவாத் ஹெவ்லொக் டவுனில் பெரிய தோட்டத்தோடு இருந்தார். பறவை பார்ப்பவர்களின் வட்ஸ்அப் குழுவில் ஹியூபேட்டைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தினமும் யாராவது மரங்கொத்தி, செண்பகம் என்று படம் போட, ஹியூபேட் பொறாமையில் வெந்தார். ஒருநாள் கொடியில் நீலமாக ஏதோ தெரிய, அவசரமாகப் படமெடுத்து "மீன்கொத்தி!" என்று போட்டுவிட்டார்.

"மச்சான், ஒங்கட மீன்கொத்திக்குக் கீழ சாரம் ஒண்டு தொங்குதே" என்று புவாத் எழுதினார்.

அது உடுப்புக் கிளிப். குழுவே சிரித்தது. கண் டொக்டரிடம் போவதற்குப் பதிலாக ஹியூபேட் ஒரு சட்டம் போட்டார்: இனித் தன் இரண்டு கண்ணாலும் தெளிவாகக் கண்டதைத்தான் எழுதுவது, மற்றவர் சொன்னது செல்லாது. வேலை செய்த கந்தோரிலும் அவர் அப்படித்தான். பிழை தன்னுடையதென்றால் சட்டம் எல்லாருக்கும்.

ஒக்டோபரில் மனைவி செலீனுக்கு முழங்கால் நோக, வளவு கூட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது. கூட்டினால் குருவிகள் பயந்துவிடும் என்று அதற்கொரு விஞ்ஞானம் சொல்லி, சருகை அப்படியே விட்டுவிட்டு, மொட்டைமாடியில் பைனாகுலரோடு நின்றார்.

"இஞ்சாருங்கோ, கெதியா வாங்கோ!" பைப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த செலீன் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறும். ஒரு பருந்து வட்டமடிக்குது."

அவர் இறங்கி வந்தபோது சருகு மட்டும்தான் கிடந்தது.

"முதுகு பச்சை, வயித்தடி சிவப்பு, கண்ணில கறுப்பு மை. வாலெண்டு சொல்ல ஒண்டுமில்லை. சருகைப் புரட்டிப் புரட்டித் தின்னுது."

"மைனாவா இருக்கும்."

செலீன் செதில் ஒட்டிய விரலால் அவருடைய பறவைப் புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தில் குத்தினாள். ஆறுமணிக் குருவி. குளிருக்குப் பயந்து வடஇந்தியாவிலிருந்து வருவது. ஹியூபேட் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் காணேல்லை. அதால எழுத ஏலாது."

"ஆர் உங்களை எழுதச் சொன்னது?" என்று அவள் மீனுக்குத் திரும்பினாள்.

அடுத்த நாளிலிருந்து ஹியூபேட் பச்சைச் சாரம் கட்டி, தாங்கிக்குப் பின்னால் பதுங்கினார். குருவி அவரைக் கண்டதோ தெரியாது, நுளம்புகள் தெளிவாகக் கண்டு கடித்தன. பக்கத்து வீட்டு ஐறீன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், அன்ரி கோபத்தில வெளியில விட்டிட்டாவா?"

உண்மையைச் சொல்வதிலும் பார்க்க ஓமென்று சொல்வது மரியாதையாக இருந்தது. குசினி ஜன்னலால் செலீன் சொன்னாள்: "இப்பத்தான் உங்கட முதுகுக்குப் பின்னால போகுது."

ரோஷத்தில் ஒருநாள் வளவு கூட்ட விளக்குமாற்றை எடுத்தார்.

"வையுங்கோ அதை! அதின்ர சாப்பாடு அந்தச் சருகுக்குள்ளதான் இருக்கு" என்று செலீன் தடுத்தாள்.

ஹியூபேட் விளக்குமாற்றை மதிலில் சாத்தினார். இவ்வளவு பாடுபட்டதில் அவர் அந்தக் குருவிக்குச் செய்த ஒரே உபகாரம், கூட்டப் பஞ்சிப்பட்டுச் சருகை விட்டுவைத்ததுதான்.

"சும்மா இருக்க ஏலாதெண்டால் உள்ள வந்து தேங்காயைத் திருவுங்கோ. வாய் திறக்கக் கூடாது."

குசினியின் திறந்த பின்கதவடியில் திருவலையில் குந்தித் திருவினார். பைனாகுலர் மாடியில், மூக்குக்கண்ணாடியில் தேங்காய்ப்பூ. அப்போது சருகு அசைந்தது. பச்சை, நீலம், சிவப்பு. ஒரு புழுவை இழுத்து, தலையைச் சரித்து அவரையே பார்த்தது. ஹியூபேட்டுக்குப் புவாத்தும் ஞாபகமில்லை, பட்டியலும் ஞாபகமில்லை. கை மட்டும் தன்பாட்டுக்குத் திருவிக்கொண்டிருந்தது.

இரவு அவர் பன்னிரண்டாவதாக "ஆறுமணிக் குருவி, செலீன் கண்டது" என்று எழுதினார். சிறிது யோசித்து, கீழே பொடியாக "பிறகு நானும்" என்று சேர்த்தார். சாப்பாட்டில், அவர் திருவிய தேங்காயில் செய்த சம்பல் முழுக்கச் சிரட்டைத் தூள் கடிபட்டது. செலீன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இன்னொரு கரண்டி போட்டுச் சாப்பிட்டார்.