பூத்தையல் மெஷினுக்கு ஒரு மதர்போர்டு

பூத்தையல் மெஷின் பாதிப் பூவில் நின்றுவிட்டது. அதை ஓட்டும் கம்ப்யூட்டரும் அப்போதே கண்ணை மூடியிருந்தது. பூத்தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தமாக ஒரு பட்டறை வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மெஷின் ஓடாவிட்டால் கதவைப் பூட்டிவிட்டு, பழையபடி ஆலையில் மேஸ்திரி விரட்ட விரட்டத் தைக்கப் போக வேண்டியதுதான்.

ரிப்பேர்காரர் வந்தார். எதற்கெடுத்தாலும் ‘பொறுங்க’ என்பதால் தெருவே அவருக்குப் பொறுங்க என்று பெயர் வைத்துவிட்டது. பெட்டியைத் திறந்து, உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டர்களைக் காட்டினார்.

“மதர்போர்டு போயிடுச்சும்மா. இதே மாடல் இப்ப வர்றதில்ல.”

“புதுசா ஒண்ணு போடுங்களேன்.”

“பொறுங்க. உங்க மெஷின் வயரைச் செருகப் பின்னாடி அகலமா ஒரு சாக்கெட் வேணும். புது போர்டுல அது கிடையாது. உங்க பழைய பிராசசரும் ரேமும் வேற அதுல உக்காரணும்.” தலையைச் சொறிந்தார். “உங்க நாத்தனார் கடையில அப்படி ஒண்ணு இருக்கு. நான்தான் மாட்டுனேன்.”

“வேற எங்கயாவது பாருங்க” என்றாள் சட்டென்று.

நாத்தனார் டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ‘அவ அடிச்சத அவளாலயே படிக்க முடியாது’ என்று இவள் ஒருநாள் நாலு பேர் முன்னால் வாயை விட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

மத்தியானம் பொறுங்க ஒரு போர்டோடு வந்தார். யாருடையது என்று கேட்டதற்கு, அவரிடம் எப்போதும் கிடைக்கும் அந்த ஒரே பதில்தான் கிடைத்தது.

பழைய பெட்டிக்குள் போர்டை வைத்துத் திருகி, பட்டனை அழுத்தினார். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஒரே சுற்று. இரவல் வாங்கிய போர்டையும் பொசுக்கியாயிற்றா?

அவர் போர்டை வெளியே எடுத்தார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய போர்டைத் தாங்கிய பித்தளை முளைகளில் ஒன்று, இந்த போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்று அதன் அடிப்பக்கத்தை முட்டியிருக்கிறது.

“ஷார்ட் ஆயிருக்கும்மா. முதல்ல எடுக்க வேண்டியதே இதத்தான். அவசரப்பட்டுட்டேன்.”

பொறுங்கவே அவசரப்பட்டால் யாரைத்தான் நம்புவது! முளையைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. மெஷின் கடகடவென்று அசைந்து, பூவை முதலிலிருந்து தைக்க ஆரம்பித்தது. பூத்தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இப்பவாவது சொல்லுங்கண்ணே. யாரு குடுத்தது?”

“உங்க நாத்தனார்தான். சொல்லக்கூடாதுன்னாங்க. ஓடிட்டிருந்த கம்ப்யூட்டர நிறுத்திக் கழட்டிக்கச் சொன்னாங்க. கடை இன்னிக்கு லீவு.”

அவள் உடனே போனை எடுத்தாள்.

“உன் கடைய மூடிட்டு எனக்கு எதுக்குடி குடுத்த?”

அந்தப் பக்கத்திலிருந்து சாவகாசமாகப் பதில் வந்தது. “எனக்கென்ன அண்ணி, டைப் அடிக்க எந்த போர்டும் போதும். உங்க மெஷினுக்கு இது ஒண்ணுதான் ஒத்துவரும்னாரே.”

பூத்தையல்காரி போனை மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்தாள், அது தைக்கிற சத்தத்தை நாத்தனாரும் கேட்கட்டும் என்று.