துக்க உதவி: அரியமுத்து

நான் செய்தது தப்பு என்று மூன்றாம் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அந்த இரண்டு பேரும் அன்றைக்கு என் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அப்புறம் யார் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

என் பெயர் பாலசுந்தரம். பெரம்பலூரில் அரியலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாய் நான்தான் செயலாளர். சம்பளம் கிடையாது, சேவை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வீடு. அரும்பாவூர், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை கிடைத்து வந்து, சங்கத்தில் சேர்ந்து, மனை வாங்கி வீடு கட்டியவர்கள். இந்தக் காலனிக்குள் யாரும் சாதி பார்க்கக் கூடாது என்று முதல் பொதுக்குழுவிலேயே எழுந்து பேசியவன் நான். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சொந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் நாம் உட்கார்ந்து அழுதால் போதும். மற்றதைச் செய்ய அதற்கென்று ஆட்கள் உண்டு. சொல்லி அனுப்பினால் வந்து நிற்பார்கள், முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். காலனிக்கு ஏது அப்படி ஆள்? கிருஷ்ணமூர்த்தியின் அப்பா இறந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது. காலனியில் விழுந்த முதல் சாவு. மூன்று பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம்.

அப்போது கடைசி வீட்டிலிருந்து அரியமுத்து வந்தார். வேளாண்மை ஆபீசில் உதவியாளர். எங்கள் ஆள்தான், பக்கத்து ஊர்க்காரர். எங்களைப் போலவே நிலம் நீச்சு உள்ள குடும்பம், நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வகையறா. உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தார்.

"பெரியவர இப்படியே போட்டு வச்சிருக்கீங்களே, வெறச்சுட்டா அப்புறம் வாய மூட முடியாதுங்க" என்றார்.

ஒரு வேட்டியைக் கிழித்துத் தாடையைக் கட்டினார். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். ஐஸ் பெட்டிக்குப் போன் செய்தார், குளிப்பாட்டினார், பாடை கட்ட மூங்கில் வாங்கிவந்தார், சுடுகாடுவரை கூடவே வந்தார். எங்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அடுத்த பொதுக்குழுவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியது நான்.

அதற்குப் பிறகு சேவைக் குழு அமைத்தோம். சங்க ஆபீஸ் சுவரில் பெயிண்டில் எழுதினோம். தண்ணீருக்கு ஒருவர், தெருவிளக்குக்கு ஒருவர், மரம் நட ஒருவர், பொங்கல் விளையாட்டுக்கு ஒருவர், கடைசி வரியில் 'துக்க உதவி: அரியமுத்து', பக்கத்தில் அவர் போன் நம்பர். ஒவ்வொரு ஜனவரியிலும் மற்ற பெயர்களெல்லாம் மாறும். பெயிண்டர் கடைசி வரியைக் காட்டி, "இது அப்படியே இருக்கட்டுங்களா சார்" என்பான். இருக்கட்டும் என்பேன். வேறு யார் ஒப்புக்கொள்வார்கள்? கொரோனாவில் நான்கு பேர் போனார்கள். பெற்ற பிள்ளைகள் தெருமுனையில் நிற்க, நாலு பேரையும் எடுத்துப் போட்டது அரியமுத்துதான்.

எது எப்போது மாறிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே கிளம்பும்போது அரியமுத்து எதிரில் வந்தால் என் மனைவி மலர்கொடி உள்ளே திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். புதுமனை புகுவிழா என்றால் அவருக்கும் பத்திரிகை வைப்போம், வைக்காமல் என்ன? "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுங்க" என்போம். பால் காய்ச்சுகிற நேரத்தைச் சொல்ல மாட்டோம். செத்தவர்களின் வேட்டி சட்டையை மடித்து அவர் வீட்டுக் கேட்டில் வைத்துவிட்டு வருகிற வழக்கமும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. முதல் தடவை திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கொண்டுவரவில்லை. 'வாங்க அரியமுத்து' என்பது 'வாய்யா' ஆகி, அவர் என்பதும் அவன் ஆகிவிட்டது. நான் மட்டுமா சொன்னேன், காலனியே சொன்னது.

அவனுக்கு ஒரே பெண், பூங்குழலி. பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். இருபத்தேழு முடிந்துவிட்டது. மூன்று இடம் வந்து, விசாரித்துவிட்டு, போனது போனதுதான். பெண்ணைப் பற்றி விசாரிக்கிறவர்கள் சங்க ஆபீசுக்குத்தானே வருவார்கள்? அப்பா என்ன செய்கிறார், எப்படிப்பட்டவர் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வோம். பொய்யா சொல்ல முடியும்?

நான்காவதாக ஆண்டிமடத்திலிருந்து ஓர் இடம் வந்தது. முந்திரிக்காடு வைத்திருக்கிறவர்கள், மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீசில் வேலை. அவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை. பெண்ணைக் கோயிலில் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பூ வைத்து உறுதி செய்வதாய் ஏற்பாடு. வியாழக்கிழமை அரியமுத்து என்னைத் தேடி வந்தான்.

"சார், ஞாயித்துக்கெழம பத்து மணிலேருந்து பன்னெண்டு வரைக்கும் எது நடந்தாலும் என்னைக் கூப்பிட வேணாங்க. நாலு பேருக்கு நீங்க சொல்லிடுங்க. பன்னெண்டு மணிக்கு மேல எந்த வூடா இருந்தாலும் வந்துடறேன்."

"ஊருக்கு ஒழைக்கறதுல என்னய்யா வெக்கம்?" என்றேன்.

"வெக்கம் இல்ல சார், பயம். இதுவும் தட்டிப்போச்சுன்னா பாப்பாவ என்னால நிமிந்து பாக்க முடியாது."

அவன் அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. யாரும் வர மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். போகும்போது, "அம்மா எப்படி இருக்காங்க சார்" என்றான். எட்டு மாதமாய்ப் படுக்கையில் இருந்த என் அம்மாவை அவன் விசாரித்தாலே, தையற்காரன் அளவெடுப்பதுபோல் இருக்கும். இருக்காங்க என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தே காலுக்கு அம்மா போய்விட்டாள். எண்பத்து நாலு வயது, எதிர்பார்த்ததுதான். என்னைப் பெற்றவள், வாயைத் திறந்தபடி கிடந்தாள். காலனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். வந்து, வாசலில் நின்றார்கள். கிருஷ்ணமூர்த்தி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வாயக் கட்டணுமே. அரியமுத்துதான் இருக்காப்லயே."

"அவனுக்கு இன்னிக்கு வூட்ல விசேஷம். பன்னெண்டு மணிக்கு மேலதான் வருவான்."

"அதுவரைக்கும் இப்படியேவா கெடக்கும்?" என்றாள் மலர்கொடி. "உடையார்பாளையத்துலேருந்து உங்க சனமெல்லாம் கெளம்பிட்டாங்க. வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க?"

நானே கட்டலாம் என்று துணியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் முகத்தருகே கையைக் கொண்டுபோனேன். தொட வரவில்லை. சோறூட்டி வளர்த்த தாய், தொடவே வரவில்லை. துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் இருபது ஆண்கள் நின்றார்கள். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மணி பத்தே முக்கால். ஒன்றேகால் மணி நேரம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஓடி ஓடிச் செய்தவன், என் அம்மாவுக்கு வந்தபோது மட்டும் நேரம் பார்க்கிறானா? அம்மா இங்கே இப்படிக் கிடக்க, அவன் அங்கே கேசரி கொடுத்துக்கொண்டிருக்கிறானா? போன் போட்டேன், எடுக்கவில்லை. அதில் கோபம் இன்னும் ஏறியது. நானே போனேன்.

அவன் வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். பூங்குழலி பட்டுப்புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்துவிட்டார். வாசலில் என்னை முதலில் பார்த்தது அரியமுத்துவின் மனைவி சாந்தா. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அரியமுத்து, அம்மா போயிட்டா. வாயக் கட்டணும், வாய்யா."

பூ வைக்கிற வீட்டில் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார்.

"இவரு எதுக்குங்க வந்து கட்டணும்? உங்களுக்குச் சொந்தமா?"

அரியமுத்து என்னைப் பார்த்தான். ஆமாம், சொந்தம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். தேடிப் பார்த்தால் அது பொய்கூட இல்லை.

"சொந்தமெல்லாம் இல்லீங்க. எங்க காலனில யாரு செத்தாலும் எல்லாம் செய்யறது இவன்தான்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். கலந்து பேசிவிட்டுச் சேதி சொல்கிறோம் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் கூடம் காலி. தாய்மாமன் வேன் ஏறுமுன் என் கையைப் பிடித்து, "நல்ல நேரத்துல வந்தீங்க, இல்லன்னா தெரியாமப் போயிருக்கும்" என்றார். தலையை ஆட்டினேன்.

அரியமுத்து புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்தான். அம்மாவின் தாடையை உள்ளங்கையில் ஏந்தி, "கொஞ்சம் பொறுத்துக்கங்க ஆத்தா" என்று சொல்லியபடி கட்டினான். உடையார்பாளையத்து சனம் வந்தபோது அம்மா தூங்குகிற மாதிரி இருந்தாள். சுடுகாட்டில் நெருப்பு நன்றாகப் பிடிக்கிறவரை அவன் நின்றான்.

எனக்கும் மனசு என்று ஒன்று உண்டு. கருமாதி முடிந்த கையோடு, அந்தப் பெண்ணுக்கு நாமே ஓர் இடம் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். சேவை என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாய் விடுகிறவன் இல்லை. ஒரே வாரத்தில் இடம் அமைந்தது. டவுனில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவரின் மகன், அமரர் ஊர்தி ஓட்டுகிறான். சொந்த வீடு, இரண்டு வண்டி, குடிப்பழக்கம் இல்லை. நேரே அரியமுத்துவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டுக்கொண்டான்.

"அவங்க என்ன ஆளுங்க சார்?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது, அதை நான் விசாரிக்கவே இல்லை. என் ஐம்பது வருடத்தில் எத்தனையோ கல்யாணம் பேசி முடித்திருக்கிறேன், அதை விசாரிக்காமல் ஒன்றுகூடப் பேசியதில்லை.

"இனிமே அதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியுமாய்யா? தொழிலு ஒண்ணா இருக்குல்ல" என்றேன்.

"தொழிலா" என்றான். வேளாண்மை ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் அவன் சட்டைப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவனே கேட்டான்.

"நம்ம சரத்குமாருக்குப் பொண்ணு பாக்கறதா சொன்னாங்க. பாப்பாவ எடுத்துக்கறீங்களா சார்? ஒரே ஆளுங்க. முறையும் சரியா வருது. நான் யாருகிட்டயும் இப்படிக் கேட்டதில்ல."

சரத்குமார் என் மகன். ஓசூரில் கம்பெனி வேலை. ஒரு வருடமாய் நாங்கள் பெண் தேடாத ஊர் இல்லை. பூங்குழலியைப் பற்றி இதுவரை எனக்கோ மலர்கொடிக்கோ ஒரு நினைப்புகூட வந்ததில்லை. நான் யோசித்துப் பதில் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அதெப்படிய்யா முடியும்? நாங்க வேற, நீங்க வேற."

"எப்பலேருந்து சார்?" என்றான்.

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். பூங்குழலி உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அவளும் என் முகத்தையே பார்த்தாள். இருவரும் நான் ஏதோ ஒரு தேதியைச் சொல்லப்போவதுபோல் காத்திருந்தார்கள். பதினோரு வருடமாய்ச் செயலாளர் நாற்காலியில் இருப்பவன், எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லது செய்ய வந்தவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதா?

"நீ யோசிச்சுச் சொல்லு, நான் வரேன்" என்று எழுந்துவிட்டேன்.

கேட்டைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். எதிரே தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சாவு வீட்டிலிருந்து வந்தால் செய்வதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு காலையும் முழங்கால்வரை கழுவினேன். கழுவி முடித்துத் திரும்பினால், அப்பனும் மகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.