தாய்மாமன் வீட்டு வளையல்

அவனியாபுரம் போகிற ஷேர் ஆட்டோவில் உக்கிரபாண்டி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது அது ஆறாவது தடவை. தாள் இருந்தது. எங்கே போய்விடும்? தொலைந்து போ என்று வேண்டிக்கொண்டாலும் தொலையாத சாமான் சிலது உண்டு. பக்கத்தில் அவன் பெண்டாட்டி நாகஜோதி தாம்பாளத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் வளையல்கள் குதித்துவிடாமல் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தபடி வந்தாள். பச்சையும் சிவப்புமாக நாலு டஜன் கண்ணாடி வளையல், நடுவில் ஒரு வேப்பங்காப்பு. அக்கா முத்துத்தாயின் மகள் பாண்டீஸ்வரிக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை வீட்டில் இன்றைக்கு வளைகாப்பு, முடிந்ததும் பிள்ளைப்பேற்றுக்கு பரவைக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் வீட்டு வளையல்தான் முதலில் ஏறும். அதையும் தாய்மாமன் பெண்டாட்டிதான் போட்டுவிட வேண்டும்.

"சொல்லப் போறீங்களா?" என்றாள் நாகஜோதி.

"சொல்லணும்ல."

"எம்பேரக் காப்பாத்துறதுக்குன்னா வேணாம். ஈஸ்வரிக்கு நல்லதுன்னா சொல்லுங்க."

இப்படிக் கேட்டால் மனுசன் என்னத்தைச் சொல்வான்? இரண்டையும் பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி ஏழு வருசத்தில் நாகஜோதிக்கு மூன்று தடவை தரித்தது, மூன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. பப்பாளி தின்றிருப்பாள், மாடிப்படி ஏறியிருப்பாள், சூடு உடம்பு, ராசியில்லாத வயிறு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இவன் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் சொன்னவர்கள் வாயை அடைத்ததும் இல்லை. போன மாதம் புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நாலு நாளைக்கு முன்னால் முடிவு வந்தது, சட்டைப்பையில் இருந்த தாள் அதுதான். நாகஜோதியிடம் ஒரு குறையும் இல்லை. கோளாறு இவனிடம்.

ஆஸ்பத்திரியில் அதை விளக்கிச் சொன்ன பெண் சின்னப்பிள்ளை, பொறுமைசாலி. என்ன வேலை என்று கேட்டாள். திருப்பரங்குன்றத்தில் கோயிலுக்குள் போகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற வேலை என்றான்.

"அப்ப உங்களுக்கு லேசாப் புரியும்ணே. செருப்பு மாதிரி எல்லாருக்கும் இருபத்து மூணு ஜோடி குரோமோசோம் இருக்கு. ஜோடில ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. வித்து உண்டாகுறப்ப ஜோடி ஜோடியா ஒட்டி நின்னு, கொஞ்சம் துண்டு மாத்திக்கிட்டு, அப்புறம் பிரியும். ஜோடிக்கு ஒண்ணுதான் போகணும். எது போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் ஒரு வயித்துல பொறந்ததுக கூட ஒரே அச்சா இருக்கறதில்ல."

"எனக்கு?"

"உங்களுக்கு பதினாலாவது ஜோடில ஒண்ணும் இருபத்தொண்ணாவதுல ஒண்ணும் சேத்துத் தச்ச மாதிரி ஒட்டிக்கிருச்சு. எண்ணுனா நாப்பத்தாறுக்குப் பதிலா நாப்பத்தஞ்சு. சரக்கு குறையல, அதான் உங்களுக்கு ஒண்ணும் பண்ணல. பிரியுறப்பதான் வம்பு. சில வித்துல ஒண்ணு கூடிப் போயிரும், சிலதுல குறைஞ்சு போயிரும்."

கூடிக் குறைந்தவை பெரும்பாலும் வயிற்றில் தங்காது என்றாள். இருபத்தொன்று மட்டும் ஒன்று கூடினால் சில சமயம் தங்கிப் பிறக்கும், அந்தப் பிள்ளைக்குப் புத்தியும் பேச்சும் மெதுவாகத்தான் வரும். எல்லாம் சரியாக அமைந்தும் பிறக்கலாம். யார் செய்த தப்பு இது என்று கேட்டான். யாரும் செய்யவில்லை என்றாள். அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. திட்டித் தீர்க்கவாவது ஓர் ஆள் இருக்க வேண்டாமா? எழுந்தபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது, பெண்களிடம் இது இருந்தால் ஒன்று கூடின பிள்ளை பிறக்க வாய்ப்பு இன்னும் அதிகம்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே செருப்புகள் குப்பையாய்க் கிடந்தன. நாகஜோதி தன்னுடையதையும் கழற்றி அந்தக் குவியலிலேயே விட்டாள். பொங்கலுக்கு அவன் ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கியிருந்தான், ஒன்று இவளுக்கு, ஒன்று அக்கா மகளுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கால்.

முத்துத்தாய் ஓடி வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். தம்பியின் கன்னத்தைத் தடவினாள். பிறகு நாகஜோதியின் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நாகு, போட்டு விடுறத மட்டும் எங்க மூத்த ஓரகத்தி தங்கப்பொண்ணு செய்யட்டும். நாலு பெத்த கை. மாப்பிள்ளை வீட்டாளுக பாக்குறாக. மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாத தாயி."

"சரி மதினி," என்றாள் நாகஜோதி. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட உக்கிரபாண்டி பொறுத்திருப்பான்.

அக்காவின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துப் போனான். தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று தாளை விரித்தான். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதிலிருந்த குரோமோசோம் படத்தைப் பார்த்தாள்.

"என்னடா இது, புழுப்புழுவா?"

"அவ மேல குத்தமில்லக்கா. எம்மேலதான்." செருப்பையும் ஜோடியையும் வைத்துத் தனக்குத் தெரிந்தமட்டும் சொன்னான். "இது உனக்கும் இருக்கலாமாம். உனக்கிருந்தா ஈஸ்வரிக்கும் போயிருக்கலாம். ஒரு ரத்தம் குடுத்துப் பாத்துட்டா..."

முத்துத்தாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அவ மேல கெடந்ததத் தூக்கி எம்மக மேல போட வந்தியா? இன்னைக்குத்தான் நாள் கெடச்சுச்சா ஒனக்கு?"

"உனக்கும் ஈஸ்வரிக்கு முந்தி ரெண்டு போச்சேக்கா."

சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த இரண்டுக்கும் குடும்பத்தில் எப்போதோ காரணம் சொல்லி முடித்தாயிற்று. ஒன்று பஸ் படியில் வழுக்கியதால், இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணால். இருபத்து நாலு வருசமாக அந்தப் பக்கத்து வீட்டோடு முத்துத்தாய் பேசுவதில்லை. அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்கேன்ல நல்லாருக்குன்னாகளே."

"நல்லாத்தான்க்கா இருக்கும். அப்படித்தான் இருக்கணும்."

"இல்லேன்னா? ஏழு மாசம்டா. இப்பத் தெரிஞ்சு என்ன செய்ய?"

"தெரிஞ்சுக்கலாம்."

"தெரிஞ்சு?"

உள்ளே மைக் செட்டுக்காரன் பாட்டை நிறுத்தி, தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்று கூவினான். முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அத உள்ள வை," என்றாள்.

உக்கிரபாண்டிக்கு மாலை போட்டார்கள். முந்தானை நிறையப் பூவோடு பாண்டீஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து, மாமாவைப் பார்த்து வெட்கமில்லாமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவன் தன் கையால் அவள் நெற்றியில் சந்தனம் வைத்தான். யாரும் தடுக்கவில்லை. மூன்று பிள்ளை தங்காமல் போனதற்குக் காரணமான ரத்தம் அந்தக் கையில்தான் ஓடுகிறது, அதற்குத்தான் மாலையும் மரியாதையும். நாகஜோதி கடைசி வரிசையில், பாயாச வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். இப்போது மைக்கைப் பிடுங்கிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். பெண்டாட்டி மேல் கிடக்கிற பழியைத் துடைத்து அக்கா மகள் நெற்றியில் பூசலாமா? சந்தனக் கையைத் துடைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான். வீணாய்ப்போன வாய்!

தங்கப்பொண்ணு முதல் வளையலைப் போட்டாள். குலவை எழுந்தது. பெண்கள் வரிசையாக வந்து போட்டார்கள். பெற்றவள் முறை வந்தது.

"வா முத்து, போடு," என்றாள் தங்கப்பொண்ணு.

முத்துத்தாய் இரண்டு கைகளையும் சேலைக்குள் சுற்றிக்கொண்டாள். "எங்கையெல்லாம் எண்ணெய். நீங்களே போடுங்க." முகத்தில் சிரிப்பு இருந்தது. கடைசிவரை கையை வெளியே எடுக்கவேயில்லை.

சாப்பாடு முடிந்து, பரவைக்குப் போகிற கார் வாசலுக்கு வந்தது. பாண்டீஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, என் செருப்பக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. குனிய முடியல."

அவன் குவியலைக் கிளறி, எடுத்து, அவள் காலடியில் வைத்தான். அவள் ஒரு காலை நுழைத்தாள். இன்னொன்று நுழையவில்லை. குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன மாமா, ரெண்டும் வலது காலு! பதினஞ்சு வருசமா கோயில் வாசல்ல இந்த லட்சணத்துலதான் வேல பாக்குறீகளா?"

வாசலே சிரித்தது. நாகஜோதி வெறுங்காலோடு தள்ளி நின்றாள். முத்துத்தாய் அந்த இரண்டு செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உக்கிரபாண்டி குனிந்தவன் நிமிராமல், இடது கால் செருப்பு ஒன்றைத் தேடிக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினான். ஒற்றைக் காலில் நின்ற பாண்டீஸ்வரி, விழுந்துவிடாமல் இருக்க அவன் தலையில் கையை ஊன்றிக்கொண்டாள். அவள் சிரிக்கச் சிரிக்க, வளையல்கள் அவன் காதோரத்தில் குலுங்கிக்கொண்டே இருந்தன.