வாசலில் தொங்கிய நாலு

எங்கள் வீட்டு வாசலில் பத்தடி நீளத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். கீழே கொட்டை எழுத்தில்: 'வாழ்த்துகள் ரோவெனா! கணிதம் 4.00'. அதைக் கிழித்தெறியக் கை துடித்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒன்றுதான் உச்சம். மூன்று வாங்கினால் தப்பித்தோம். ஐந்து என்றால் தோல்வி. நாலு இரண்டுங்கெட்டான். ஒரே ஒரு மறுதேர்வு. தேறினால் அது மூன்றாகும், தவறினால் ஐந்து. எனக்கு ஐந்து வந்தால் பொறியியல் துறையிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள்.

டிரைசிக்கிள் என்னும் மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டும் அப்பாவுக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மதிப்பெண் வந்த அன்று என் தோளுக்கு மேலாகக் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். மற்றதெல்லாம் இரண்டும் மூன்றுமாக இருக்க, கணிதத்துக்கு நேரே நாலு.

"அடி சக்க! கணக்குல இத்தனையா?"

"அப்பா, அது வந்து..." என்று இழுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மீதி வரவில்லை. மறுநாளே ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். பிள்ளை ஒரு பரீட்சை தேறினால் எங்கள் தெருவில் அப்படித்தான்.

எதிர்க்கடை அலிங் பாசிங் ஒரு தட்டு பன்சித் நூடுல்ஸோடு வந்தாள். "மூளைய எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே? எம் பேத்திக்கும் கொஞ்சம் குடு." தட்டை அப்படியே அப்பா பக்கம் தள்ளினேன்.

மறுதேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரே கணக்கை ஏழு முறை போட்டேன், ஏழு விடை வந்தது. செமஸ்டர் முழுக்கப் புரிந்ததுபோல் தலையாட்டியதற்குக் கூலி. மணிலாவுக்கு ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவலாமா என்றுகூட யோசித்தேன். நிஜமாகவே பஸ் நேரம் பார்த்தேன்.

நாலாம் நாள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கணிதப் பேராசிரியையின் அறைக்குப் போனேன்.

"ரெண்டாவது வாரத்துலேர்ந்தே எனக்கு எதுவும் புரியல மேடம்."

"இத ரெண்டாவது வாரமே சொல்றதுக்கு என்ன? உக்காரு."

ஐந்து நாள் அந்த அறையிலேயே கிடந்தேன். அவர் திட்டத் திட்ட முதல் பாடத்திலிருந்து போட்டேன்.

தேர்வில் ஆறு கேள்வி. நாலுதான் முடித்தேன். அடுத்த வாரம் துறை வாசலில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேரே 3.00. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் வெளியேற வேண்டியதில்லை!

வீட்டுக்கு ஓடினேன். அப்பா வண்டி கழுவிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் எடுத்த படத்தை நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"மூணா? குறைஞ்சிருச்சே." உடனே என் தலையைத் தடவினார். "போவுது விடும்மா. அழாத. அடுத்த தடவ அஞ்சே வாங்கிடுவ."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அஞ்சு வந்தா வெளிய அனுப்பிடுவாங்கப்பா. நாலு... நாலு வாங்கினது அவமானம்ப்பா. நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்." எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அப்பா ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அடிப்பார் என்றே நினைத்தேன். வண்டிக்கு எண் எழுதும் பெயின்ட் டப்பாவையும் ஏணியையும் எடுத்து வந்தார். ஏறி, நாலை அடித்துவிட்டுப் பக்கத்தில் பெரிதாக மூன்று என்று எழுதினார்.

"என்ன நெஸ்டோர், பொண்ணுக்கு மார்க்கு இறங்கிருச்சா?" அலிங் பாசிங் கடையிலிருந்து கத்தினாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு," என்றார் அப்பா, ஏணியிலிருந்து திரும்பாமலே. "எம் பொண்ணு ஏறியிருக்கா."