ஆடாத தலை

குகைக்குள் படம் பிடிக்கிறவனுக்கு ஒரே சட்டம்தான். தலையை ஆட்டாதே. கேமரா ஹெல்மெட்டில் இருக்கிறது. வெளிச்சம் போதாத இடத்தில் அதன் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் தும்மினால்கூடப் பாறையெல்லாம் இழுபட்டுக் கஞ்சியாகிவிடும். ஆட்டத்தைக் கணினி பிறகு சரிசெய்து கொடுக்கும். இழுபட்டதை அதன் அப்பனாலும் சரிசெய்ய முடியாது.

இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். போன வருடம் எங்கள் குகைச் சங்கத்தின் படவிழாவில் என் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, தலைவர் ராய்கோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து திரைக்குக் கீழே வைத்தார். "வாந்தி வர்றவங்க தள்ளுமுள்ளு பண்ணாம வரிசையா வாங்க" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் சிரில். பதினேழு வருடமாக என்னோடு ஒரே கயிற்றில் இறங்கிய கூட்டாளி. எனக்கு எப்போதுமே மூக்கின்மேல் கோபம். அடுத்த வருடம் இவர்கள் வாயை அடைக்காவிட்டால் என் பெயர் ஸ்தோயன் இல்லை என்று அன்றே சபதம் எடுத்தேன். அந்த வீம்புதான் சிரிலைக் கொன்றது. சுற்றி வளைப்பானேன், நான்தான் கொன்றேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். எங்களுக்குப் பழகிய செங்குத்துக் குழி அது. பாதி ஆழத்தில் ஒரு பாறைத்தட்டு. அன்று நானும் சிரிலும் மட்டும்தான். முதலில் இறங்கியவன் நான். தட்டுக்கு முதலில் வருகிறவன்தான் கீழே போகும் கயிற்றைச் சுவரில் இருக்கும் இரண்டு போல்டுகளில் கொக்கி போட்டு மாட்ட வேண்டும். இரண்டு எதற்கு என்றால், ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் இன்னொன்று தாங்கும். நான் முதல் போல்டில் மாட்டினேன். துருப்பிடித்த பழைய போல்ட். பிறகு "ப்ரோஸ்தோ" என்று கத்தினேன். கயிறு காலி, அடுத்தவன் வரலாம் என்று எங்கள் பக்கத்தில் அதற்குப் பொருள். இரண்டாவதையும் மாட்டிவிட்டுத்தான் கத்தியிருக்க வேண்டும். ஆனால் வெளிச்சத்துக்காகக் கூடுதலாக ஒரு விளக்கைத் தட்டின் தரையில் அண்ணாந்து பார்க்க வைத்திருந்தேன். அதன் மின்கலம் தீர்வதற்குள் சிரில் இறங்கி வருவது எனக்கு வேண்டும்.

வந்தான். அப்படி ஒரு காட்சியை நான் எடுத்ததில்லை. அருவித் தூறல் பொடிப்பொடியாக மின்ன, அதற்குள்ளிருந்து அவன் தாடி, அவன் சிவப்பு உடை, மெதுவாகச் சுழன்றபடி. என் இடது கையில் இரண்டாவது கொக்கி இருந்தது. கையைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் அத்தனையும் கஞ்சி. எனவே குனியாமல், தடவித் தடவி மாட்டினேன். க்ளிக் என்று கேட்டது. கேட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சங்கத்தில் எல்லோருக்கும் கயிறு வேலை சொல்லிக்கொடுத்தவன் சிரில்தான். "கை எங்கயோ கண்ணு அங்க" என்பான். நூறு தடவை கேட்டிருப்பேன்.

தட்டுக்கு வந்து, கீழ்க் கயிற்றுக்கு மாறி, விளிம்பைத் தாண்டினான். பழைய போல்ட் பிடுங்கிக்கொண்டது. என் கொக்கி இரண்டாவது போல்டின் தகட்டுத் துளைக்குள் போகவே இல்லை, தகட்டின் ஓரத்தில் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு நின்றிருந்தது. முப்பத்தெட்டு மீட்டர். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

மீட்புக்காரர்களோடு வந்த ராய்கோ, "யாருடா மாட்டினது?" என்று கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது. "சிரில்தாண்ணே. தட்டுக்கு வந்து அவனேதான் மாட்டினான்." கேமரா என்ன ஆச்சு என்றதற்கு, "இருட்டு, ஒண்ணும் பதியல" என்றேன். சிரிலா, கொக்கியில் தப்பு செய்தானா என்று எல்லோரும் திகைத்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி நான். இறந்தவரின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு போயிருந்தால் நான் இந்நேரம் நிம்மதியாகத் தின்று தூங்கிக்கொண்டிருப்பேன், அப்படிப்பட்ட ஆள்தான் நான். ஆனால் யெர்னேயா இருந்தாள், சிரிலின் மனைவி. அன்று காலை அவர்களுக்குள் சண்டை. மழைக்கு முன் கூரைத் தகரத்தைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் கயிற்றுப் பையைத் தூக்கியிருக்கிறான். "போ, அந்தக் குழியிலயே கிட" என்று கத்தியிருக்கிறாள். அடக்கத்தன்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் நாக்கு கரிநாக்கு, ஸ்தோயன். கோபத்துல போனான், அதான் கை தவறிப்போச்சு. நான்தான் கொன்னுட்டேன்." நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. ஒரு மாதத்தில் பாதியாகிவிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. படத்தில் சிரில் சிரித்துக்கொண்டு வருகிறான். அவன் கோபமாக இல்லை என்று இவளுக்குத் தெரிந்தால் போதுமே. இவள் பாரம் இறங்கும், என் தலையும் தப்பும்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். மூலப்படத்தில் கீழ் ஓரத்தில் என் இடது கை தெரிகிறது, கொக்கியோடு. என்னதான் தலையை நிறுத்தினாலும் மூச்சுக்கு ஆடும் அல்லவா, அந்த ஆட்டத்தை எடுக்கக் கணினி நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும். அதை ஓடவிட்டேன். ஓரத்தோடு என் கையும் போய்விட்டது. சிரில் தட்டில் கால்வைக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். சத்தத்தை அறவே எடுத்தேன். கீழ் ஓரத்தை மட்டும் நாற்பது தடவை உற்றுப் பார்த்தேன். விரல் நகம்கூடத் தெரியவில்லை.

நவம்பர் ஒன்று, கல்லறைகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். மதியம் கல்லறையிலிருந்து அவள் வீட்டுக்குப் போனோம். அடுப்பில் யோட்டா சூப் கொதித்துக்கொண்டிருந்தது, புளித்த முட்டைக்கோஸ் வாடை கூடம் வரை. கணினியை மேசையில் வைத்தேன்.

"கொஞ்சம் பதிஞ்சிருக்கு, யெர்னேயா. போன வாரம்தான் கெடச்சுது. அவன் மொகத்தைப் பாரு, போதும்."

"சத்தம்?"

"அருவி இரைச்சல்தான். ஒண்ணும் கேக்காது."

பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாவது தடவை கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சிரிக்கிறான்."

"அதான் சொல்றேன். கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. உன் மேல தப்பு இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். யோட்டாவைக் கிண்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கோபமில்லன்னா ஏன் தப்பா மாட்டினான்?"

"மனுஷன்தானே. மறந்திருப்பான்."

"அவன் கல்யாண நாளை மறப்பான், ஸ்தோயன். என் பொறந்தநாளை மறப்பான். கொக்கியை மறப்பானா?" பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடியும் ஓடவிட்டாள். "ஆடவே இல்லையே படம். நீ எடுத்ததுதானா இது? ராய்கோவோட வாளிக்கு வேலையில்லாமப் போச்சே."

அடக்கத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் கேலி அதுதான். நானும் பல்லைக் காட்டினேன்.

"இது என்ன?" என்றாள்.

விரல் கீழ் ஓரத்தில் இல்லை. சிரிலுக்குப் பின்னால், எதிர்ச் சுவரில் இருந்தது. தரையில் நான் வைத்த விளக்கு அண்ணாந்து எரிந்ததல்லவா. அந்த வெளிச்சத்தில் சுவர் முழுக்க ஒரு கை நிழல், ஆள் உயரத்துக்கு. விரல் நுனியில் ஒரு கொக்கி. தூக்கக் கலக்கத்தில் சுவிட்சைத் தேடுகிறவனைப்போல அது சுவரைத் தடவியது, விட்டது, மறுபடி தடவியது. முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைத்திருந்தேன், அதுவும் அவள் தட்டிலேயே.

"அவன் ரெண்டு கையும் கயித்துல இருக்கு," என்றாள். "இது யார் கை?"

"பை. பையை மாட்டிக்கிட்டிருந்தேன்."

"பையை மாட்ட இவ்வளவு நேரமா?" மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள். நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் படம் பாறைபோல் அசையாமல் நின்றது. "ஒரு தடவைகூட நீ குனியலையே, ஸ்தோயன். கொக்கியைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு தடவைகூடப் பாக்கலையே."

நான் கணினியை மூடப் போனேன். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"முழுசா இருக்கா? சத்தத்தோட?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்த வாயை எனக்கே சகிக்க முடியாமல் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. மூலப்படத்தைத் திறந்தேன். என் கை கீழ் ஓரத்தில் வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தாள். அடுப்பில் யோட்டா பொங்கி வழிந்து தீய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் வெட்டிய இடத்தைத் தாண்டிப் படம் போனது. சிரில் தட்டில் கால்வைத்து, மூச்சு வாங்கி, என்னை நேராகப் பார்த்தான். அருவி இரைச்சலையும் மீறி அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"டேய் மொட்டை, ரெண்டையும் கண்ணால பாத்தியா?"

பிறகு என் குரல், எரிச்சலோடு.

"பாத்தேன் பாத்தேன். நீ போ, நல்லா வந்துக்கிட்டிருக்கு, கெடுக்காத."

அவன் என்னை நம்பினான். தலையாட்டிவிட்டுக் கீழ்க் கயிற்றைப் பிடித்தான். யெர்னேயா அங்கேயே நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"ஒரு மாசம்," என்றாள். "ஒரு மாசமா என் நாக்கை அறுத்துப் போட்டுடலாமான்னு இருந்தேன். எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே."

என் கைப்பேசி மேசையில் கிடந்தது. அதை என் பக்கம் தள்ளினாள்.

"ராய்கோவைக் கூப்பிடு."

கையை நீட்டினேன். கண் திரையில், சிரிலின் முகத்தின்மேல் இருந்தது. கை மேசையைத் தடவியது.

"குனி," என்றாள் யெர்னேயா. "குனிஞ்சு, பாத்து அமுக்கு."

குனிந்தேன். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன்.