மேலுதட்டின் இடது ஓரம்

பார்லரில் அவளுக்குப் பூனை என்று பெயர். நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் வராது. நுண்ணுயிரியல் படித்துவிட்டு மணப்பெண்களுக்கு மேக்கப் போட வந்தவள். இதுவரை யாருக்காவது பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போனதோடு சரி. தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம் இதுதான். நல்லபடியாக முடிந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். சொதப்பினால் மறுபடியும் பெட்டிதான்.

மண்டபத்து மாடியறையில் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துண்டை விரித்து பிரஷ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மணப்பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே அவளுடைய பெரியம்மா.

"எடு. காட்டு. செஞ்ச வேலைய அவளே பாக்கட்டும்," என்றாள் பெரியம்மா.

கைக்குட்டை இறங்கியது. மேலுதட்டின் இடது ஓரத்தில், உதடும் தோலும் சேரும் கோட்டின்மேல், கடுகு அளவுக் கொப்புளங்கள் கும்பலாக நின்றன. அடியில் சிவப்பு. ஒன்றிரண்டு உடைந்து கசிந்திருந்தன.

"முந்தாநேத்து ட்ரையல் பாக்கறேன்னு ஒரு லிப்ஸ்டிக் போட்டியே, அது ஒத்துக்கல. வந்தவங்க எல்லாம் இவ மூஞ்சியப் பாப்பாங்களா, இந்தப் புண்ணப் பாப்பாங்களா?"

பூனையின் கண் தன் வேலையைப் பார்த்தது. லிப்ஸ்டிக் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது பட்ட இடமெல்லாம் சொல்லும். இரண்டு உதடும் தடித்து, வறண்டு, அரித்திருக்கும். இங்கே கீழுதடு வழவழவென்று இருந்தது. மேலுதட்டிலும் பாதிக்கு ஒன்றுமில்லை.

மணப்பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துக் குனிந்தாள். "அரிக்குதா?"

"இல்ல. எரியுது."

"கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி?"

"சுருக்கு சுருக்குன்னு குத்திச்சு. உள்ள எறும்பு ஊர்ற மாதிரி."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா? இதே இடத்துல?"

மணப்பெண்ணின் பார்வை கண்ணாடியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாத்தனாரைத் தொட்டுவிட்டு இறங்கியது. மாப்பிள்ளையின் அக்கா அவள். தலைக்குக் கிளிப் குத்திக்கொள்ள வந்து, கிளிப்பை வாயில் கவ்வியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல. இதான் முதல் தடவ," என்றாள் மணப்பெண்.

பூனை நிமிர்ந்தாள். பொய் என்று தெரிந்தது. எதற்கு என்றும் தெரிந்தது. இது ஹெர்ப்பீஸ் வைரஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி இவள் தலையிலிருந்து இறங்கிவிடும். இறங்கி நேரே அந்தப் பெண்ணின் மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வார்த்தையைக் கேட்டால் ஜனங்களுக்கு உதடு ஞாபகம் வராது. படுக்கையில் ஒட்டிக்கொள்ளும் நோய்தான் வரும்.

"பதில் சொல்லேம்மா," என்றாள் பெரியம்மா.

"பாக்கறேன் பெரியம்மா," என்று மென்று விழுங்கினாள் பூனை.

கண்ணிலிருந்து ஆரம்பித்தாள். உதட்டுக் கொப்புளத்துத் தண்ணீர் கண்ணுக்குப் போய்விடக்கூடாது. கண்ணுக்குத் தனி பஞ்சு, தனி பிரஷ். "உதட்டத் தொட்டுட்டு கண்ணத் தேய்க்காதீங்க. கைய அடிக்கடி கழுவிக்குங்க," என்று மணப்பெண்ணின் காதோடு சொன்னாள். மணப்பெண் தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை.

பெரியம்மா நின்றபடியே கச்சேரியைத் தொடர்ந்தாள். அந்தக் காலத்தில் மஞ்சளும் பவுடரும் போதுமாக இருந்ததாம், இப்போதுதான் முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிடுகிறார்களாம். பூனை கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டே இருந்தாள். போகட்டும், ஒரு கல்யாணம் போனால் போகட்டும், இன்னும் இரண்டு வருஷம் பெட்டி தூக்கினால் குறைந்தா போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது நாத்தனார் எழுந்து வந்தாள். துண்டின்மேல் இருந்தவற்றைக் கிளறி ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"இந்தக் கலர்தானே அன்னிக்குப் போட்டீங்க? போட்டோல அம்சமா இருந்துச்சு. எனக்கெல்லாம் எதுவும் ஒத்துக்கும், எருமைத் தோலு."

அதே லிப்ஸ்டிக். பூனை எப்போதும் கரண்டியால் கொஞ்சம் சுரண்டித் தட்டில் வைத்து, பிரஷ்ஷில் தொட்டுத்தான் பூசுவாள். அன்றைக்கு மணப்பெண் அவசரத்தில் தானே எடுத்து உதட்டில் நேராகத் தேய்த்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பூனை சும்மா நின்றாள். பெட்டியில் திரும்ப வைத்தபோது முனை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இப்போதும் சாய்ந்திருந்தது. அந்த உதட்டுக் கிருமி அதிலும் ஒட்டியிருக்கலாம்.

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் குவித்தாள்.

"அக்கா, வேண்டாம்." பூனையின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஏன்?"

"அது… கெட்டுப்போச்சு. என் தப்புதான்."

"பாத்தியா," என்றாள் பெரியம்மா. "அவ வாயாலயே வந்துடுச்சு."

மணப்பெண் மடியில் இருந்த கைக்குட்டையை மடித்தாள். இன்னொரு தரம் மடித்தாள்.

"கெட்டுப்போகல அண்ணி," என்றாள் கண்ணாடியைப் பார்த்தே. "அவங்க சும்மா சொல்றாங்க. எனக்குச் சின்ன வயசுலேருந்தே வரும். ஜுரம் வந்தா, தூக்கம் கெட்டா, இதே இடத்துல. மாத்திரை என் கைப்பையிலதான் இருக்கு. நேத்துலேருந்து போடறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பேர் ஹெர்ப்பீஸ். போன்ல போட்டுப் பாத்தேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு."

பெரியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். நாத்தனார் லிப்ஸ்டிக்கை மூடி, குனிந்து மணப்பெண்ணின் உதட்டை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"அட, பரீட்சைப் புண்ணு," என்றாள்.

"என்ன?"

"எங்க வீட்டுல அதுக்கு அதான் பேரு. உன் புருஷனுக்கு ஒவ்வொரு பரீட்சைக்கும் வரும். கணக்குப் பரீட்சைன்னா ரெண்டு வரும். இவனுக்கு யாரு குடுத்தாங்கன்னு நாங்க ஒரு நாளும் யோசிச்சதில்ல. ஏம்மா, இது அதுதானா?"

கேள்வி பூனைக்கு. பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் அவள் நேராக நின்றாள்.

"அவருக்கும் இதே மாதிரி கும்பலா, குத்திட்டு வந்து, பொருக்கு கட்டிப் போகும்னா அநேகமா அதுதான் அக்கா. நிறைய பேருக்கு உள்ள இருக்கும், பாதி பேருக்கு வெளிய வர்றதே இல்ல. சின்ன வயசுல யாராவது கொஞ்சும்போது ஒட்டிக்கும். அப்புறம் நரம்புல தூங்கும். யார் மேலயும் தப்பு கிடையாது. காயற வரைக்கும் முத்தம் வேண்டாம், டம்ளர், துண்டு, லிப்ஸ்டிக் தனியா இருக்கணும். கைக்குழந்தைங்க பக்கத்துல ரொம்ப ஜாக்கிரதை."

"புதுப் பொண்டாட்டிக்கு நல்ல வரம்," என்றாள் நாத்தனார். மணப்பெண் சிரித்தாள்; உதடு இழுத்து வலித்தது, நிறுத்திக்கொண்டாள்.

பெரியம்மா மெதுவாகக் கிட்டே வந்தாள். புடவைத் தலைப்பை விலக்கி இடது மணிக்கட்டை நீட்டினாள். வாட்ச்சைச் சற்று மேலே தள்ள, பட்டை இருந்த இடம் பட்டையாகவே சிவந்து சொரசொரத்திருந்தது. "அப்ப இது? இதுவும் அந்தக் கண்றாவியா?"

"அரிக்குமா பெரியம்மா?"

"பிராணன் போகும்."

"அப்ப இது அலர்ஜி மாதிரி இருக்கு. பட்டை எங்க பட்டுதோ அங்க மட்டும், அதே அளவுக்கு வந்திருக்கு பாருங்க. கொஞ்ச நாள் வாட்ச்சக் கழட்டி வைங்க. போகலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க."

பெரியம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு மணப்பெண்ணின் கீழுதட்டைப் பார்த்தாள்; லிப்ஸ்டிக் பட்டும் அது வழவழவென்றே இருந்தது. வாட்ச்சைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு மோவாயில?" என்று நாத்தனார் முகத்தை நீட்டினாள்.

"ஒத்தையா இருக்கு, நடுவுல வெள்ளை முனை. வெறும் பரு அக்கா."

"இந்த வயசுலயா? கேக்கவே சந்தோஷமா இருக்கு."

பூனை அந்த லிப்ஸ்டிக்கைக் குப்பைக்கூடையில் போட்டாள். வேறொன்றிலிருந்து சுரண்டித் தட்டில் வைத்து, பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தொட்டு மணப்பெண்ணுக்குப் பூசினாள். ஒருமுறை உதட்டில் பட்ட குச்சி மறுபடி தட்டுக்கு வரவில்லை. புண்ணுக்கு முன்னால் கலர் நின்றுவிட்டது. அதை மூடி மறைக்க அவள் முயலவில்லை. போட்டோக்காரரை வலது பக்கமே நிற்கச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நாத்தனார் கீழே இறங்கிப் போனாள்.

மணப்பெண்ணும் எழுந்து போனபின் பூனை துண்டை மடிக்கப் போனாள். நாற்காலி கிறீச்சிட்டது. பெரியம்மா உட்கார்ந்திருந்தாள், முகத்தைக் கண்ணாடிக்குக் காட்டி.

"எனக்கும் லேசாப் போட்டு விடு. சுண்ணாம்பு மாதிரி வேண்டாம்," என்றாள். "குச்சி புதுசுதானே?"

"புதுசுதான் பெரியம்மா," என்றாள் பூனை.